வாய்விட்டுச் சொன்ன தொகை

காட்டாவிநாயகர் துணை

முள்ளியவளை
18.3.1954

கமலாவின் அப்பாவுக்கு இரஞ்சிதம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். மாமியும் நீங்களும் அங்கே உள்ள எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும் என்று அம்மாளாச்சியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையைத் தொட்டேன். மாசி மாதம் நீங்கள் போட்ட கடிதம் போன கிழமைதான் வந்து சேர்ந்தது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே, "பிள்ளை இரஞ்சிதம், இந்தியாவிலை இருந்து கடிதம், மனுசன் இன்னும் உன்னை மறக்கேல்லை" என்று படலையடியில் நின்று கத்தினார். நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மாமி இருமல் குறைந்து எழுந்து நடமாடுகிறார் என்று வாசித்ததும் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. தமையனார் போன துக்கம் ஒரு பக்கம், அவர் விட்டுப்போன இரண்டு பிள்ளைகளின் பாரம் ஒரு பக்கம் என்று நீங்கள் அல்லாடுவது எனக்கு விளங்குகிறது. செத்தவீட்டுக்கென்று போன மனிதன் ஏழு மாதமாக ஏன் வரவில்லை என்று இங்கே கேட்பவர்களுக்கு நான்தான் பதில் சொல்கிறேன். எனக்கு வாய் இருக்கிறது, சொல்லிக்கொள்வேன். ஆனால் ஒன்று. தமையனாரின் பெண்சாதி வைக்கும் புளிக்குழம்பைப் பற்றி ஒரே கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தரம் எழுதினாலே எனக்கு விளங்கும்.

நீங்கள் 'ஓம்' என்று சொல்ல உங்கள் ஊரார் சிரிக்கிறார்களாம் என்பதைக் கமலா வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இருபது வருஷத்துக்கு முன் நீங்கள் திருவாடானையிலிருந்து வந்து இறங்கி 'ஆமாங்க' என்றபோது நாங்கள் சிரித்ததை அவளுக்குச் சொன்னேன். பாவம் அப்பா, எந்தப் பக்கம் போனாலும் சிரிக்கிறார்கள் என்றாள். பன்னிரண்டு வயதுக்கு அவளுக்குக் கொஞ்சம் கூடத்தான் விளங்குகிறது.

வயல்வெட்டு முடிந்துவிட்டது. காட்டில் நின்ற மாடுகளை எல்லாரும் இறக்கிக்கொண்டுவந்து வெட்டின வயலில் மேயவிட்டிருக்கிறார்கள். எங்களுடையதுகள் வழக்கம்போல அப்புத்துரை அம்மானுடைய பட்டியோடுதான் நிற்கின்றன. நீங்கள் இல்லாமல் அம்மானுக்குக் கை ஒடிந்த மாதிரி. "அவன் ஒரு குரல் குடுத்தா மாடு வரும், நான் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பாக்குதில்லை" என்று என்னிடம் வந்து முறையிடுகிறார். மாடு பார்க்க வந்த பொடியனுக்கு மருமகளைக் கட்டிக்கொடுத்தார் என்று சொந்தக்காரர் ஏசினதை எல்லாம் வாங்கிக்கட்டிக்கொண்ட மனிதர் அல்லவா, அந்த உரிமையில் முறையிடுகிறார்.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். ஐம்பத்தோராம் ஆண்டு கையெழுத்து வைத்துக் கொடுத்தீர்களே, அந்தப் பிரசாவுரிமை விண்ணப்பம், அது எங்கேயோ கறையான் தின்று முடிந்திருக்கும் என்றல்லவா இருந்தோம். இல்லை. தை மாதம் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் டில்லியில் ஏதோ ஒப்பந்தம் எழுதினார்களாம், இனிக் கட்டி வைத்த விண்ணப்பங்களை எல்லாம் அவிழ்த்துப் பார்க்கப் போகிறார்களாம். போன செவ்வாய்க்கிழமை ஜீப்பில் ஒரு உத்தியோகத்தர் எங்கள் படலையில் வந்து இறங்கினார். தடித்த கண்ணாடி, கையில் கட்டுக் கடதாசி. ஆள் மரியாதையான ஆள்தான். கதிரை கொடுத்து இருக்கச் சொன்னேன்.

உங்கள் பெயர், வயது, எப்போது வந்தீர்கள், எப்போது கலியாணம் முடித்தோம் எல்லாம் கேட்டார். சொன்னேன். பிறகு மெல்ல, "உங்கட புருசனுக்கு எத்தினை மாடு நிக்குது?" என்றார். நீங்களோ ஊரில் இல்லை. முன்பின் தெரியாத ஆள், படலைக்கு உள்ளே இருந்துகொண்டு, பட்டப்பகலில், எத்தனை மாடு என்று கேட்கிறார். நான் விட்டுக்கொடுப்பேனா? "மாடோ? எங்களிட்டை எங்கை ஐயா மாடு. கொம்பு முறிஞ்ச கிழட்டு மாடு ஒண்டு நிக்குது, அதுவும் மலட்டு மாடு" என்றேன். வேறென்ன வருமானம் என்றார். "என்ன வருமானம், கஞ்சியோ கூழோ குடிச்சுக் கிடக்கிறம்" என்றேன். வேலிக்கு மற்றப் பக்கம் நின்ற நாகேஸ்வரி அக்காவும் தலையை நீட்டி, "ஓம் ஐயா, பாவங்கள், ஒண்டுமில்லாத சனம்" என்று எடுத்துக் கொடுத்தா. அவர் எல்லாவற்றையும் ஆறுதலாக, அவசரமில்லாமல் எழுதிக்கொண்டு, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

நீங்கள் வந்த புதிதில் பட்டியடியில் நின்று விரலை மடித்து மாட்டை எண்ண, அம்மான் ஓடிவந்து உங்கள் கையைத் தட்டிவிட்டாரே. மாட்டின் தொகையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று அன்றைக்கு நீங்கள் படித்தீர்கள். நான் தாய்ப்பாலோடு படித்தவள். நீங்கள் இல்லாத நேரத்திலும் பட்டிக்கு ஒரு கண்ணூறும் படாமல் காப்பாற்றிவிட்டேன் என்பதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

போன ஆகஸ்ட் பதினாலாம் திகதி கப்பல் ஏறினீர்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் விண்ணப்பமும் போய்விடும், திரும்பி வருவதற்கு அடித்த முத்திரையும் செல்லாது என்று அந்த உத்தியோகத்தரும் சொன்னார். உங்களோடு சேர்த்துத்தான் கமலாவின் பெயரும் இருக்கிறது. நான் இந்த நாட்டுக்காரியாக இருந்தும் பிள்ளைக்குத் தகப்பன் வழிதான் பார்ப்பார்களாம். ஆடி பிறக்குமுன் வந்துவிடுங்கள்.

மாமிக்கு என் வணக்கம். குளிரில் வெறுந்தரையில் படுக்க விடாதீர்கள்.

இப்படிக்கு
உங்கள் இரஞ்சிதம்

*

காட்டாவிநாயகர் துணை

முள்ளியவளை
2.5.1954

கமலாவின் அப்பாவுக்கு இரஞ்சிதம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நாங்கள் சுகம். இதை நின்றுகொண்டு வாசிக்காமல் எங்கேயாவது இருந்துகொண்டு வாசியுங்கள்.

சித்திரை வருஷப்பிறப்புக்கு மறுநாள் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. முழுக்க இங்கிலீசு. தலைமை வாத்தியாரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டு ஒரு தரம் வாசித்தார், கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் வாசித்தார். பிறகு என்னை இருக்கச் சொன்னார்.

உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிட உத்தேசித்திருக்கிறார்களாம். இரண்டு காரணமாம். குடும்பத்தைக் காப்பாற்றத்தக்க நிலையான வருமானம் இந்த மனிதருக்கு இல்லை என்பது ஒன்று. முப்பத்தொன்பதாம் ஆண்டுக்கு முன்பிருந்தே இங்கே இருந்தார் என்பதற்கு அத்தாட்சி இல்லை என்பது மற்றது. தள்ளக்கூடாது என்பதற்கு நியாயம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் காட்டலாமாம். "வருமானம் இல்லையெண்டு ஆர் பிள்ளை இவைக்குச் சொன்னது?" என்று வாத்தியார் கேட்டார். பதிலையும் அவரே அந்தத் தாளில் தேடி வாசித்தார். மனைவியின் வாக்குமூலப்படி, என்று.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் வாயில் நானே இரண்டு அடி அடித்தேன். நீங்கள் இருபது வருஷம் வெயிலிலும் மழையிலும் காட்டில் கிடந்து சேர்த்ததை, நான் ஒரு இளநீர் குடிக்கிற நேரத்தில் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டேன். கண்ணூறு வெளியில் இருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அது என் வாயில்தான் இருந்திருக்கிறது.

அடுத்த நாளே உங்கள் கடிதமும் வந்தது. ஏசியிருப்பீர்கள் என்று பயந்து பயந்து உடைத்தேன். நீங்கள் ஏசவில்லை. இரஞ்சிதம், நீ உன் வழக்கப்படி சொன்னாய், உன்னில் பிழை இல்லை, இனி அந்த விண்ணப்பம் சரிவராது, மாடுகளை விற்றுப்போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு, தமையனின் பங்கு நிலம் உழ ஆள் இல்லாமல் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு நோகாது. நோட்டீசு உங்கள் கையில் கிடைக்குமுன்னே நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்களோ. நான் பெருமையாக எழுதினதை வாசித்ததுமே உங்களுக்கு விளங்கியிருக்கிறது.

மாடு விற்கிற கதையை இப்போதைக்கு விடுங்கள். நான் அம்மானிடம் போனேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், அவர், "நானெண்டாலும் அதைத்தான் பிள்ளை சொல்லியிருப்பன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் அந்த மனிதருக்குக் காலமெல்லாம் கடமைப்பட்டவள். பிறகு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு, ஊர்ப் பதிவெல்லாம் வைத்திருக்கிற இளையதம்பி விதானையார் வீட்டுக்குப் போனார். வாத்தியாரையும் அங்கே அழைப்பித்தார்.

வாத்தியார் படித்த மனிதர், அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். சம்பளத் துண்டு இருக்கிறதா? உங்களுக்கு எந்தக் காலத்தில் சம்பளம் தந்தார்கள்? நாலு கன்று பிறந்தால் ஒன்று மேய்க்கிறவருக்கு வாரம், அதுதானே இங்கே கூலி. கன்றுக்கு யார் பற்றுச்சீட்டு எழுதுகிறார்கள். வரி கட்டின கடதாசி? இல்லை. பள்ளிக்கூடப் பதிவு? பதினேழு வயதில் வந்த மனிதர் இங்கே என்ன பள்ளிக்கூடம் போனார். கலியாணப் பதிவு நாற்பதாம் ஆண்டு, முப்பத்தொன்பதுக்குப் பிந்தினது, அது காணாதாம். வாத்தியார் பேனையை மூடி வைத்துவிட்டார்.

அப்போது விதானையார் திடீரென்று எழும்பினார். "அட, மாட்டுக் குறி சுட்டால் பதியிறதெல்லோ!" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய் அலுமாரியைத் திறந்தார். பழைய விதானையார் காலத்துக் கொப்பிகளை ஒன்றொன்றாக எடுத்துத் தூசி தட்டினார். முப்பத்தேழாம் ஆண்டுக் கொப்பியில், ஆனி மாதம், அப்புத்துரை பட்டியில் மேய்ப்பவர், சோணைமுத்து, திருவாடானை, முதல் வாரக்கன்று, நாகுப் பசு, குறி 'சோ' என்று பழைய விதானையார் கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறார். அதிலிருந்து வருஷம் தவறாமல் உங்கள் பெயரில் பதிவு இருக்கிறது. மனிதனுக்கு எங்கே கடதாசி என்று மூன்று வருஷமாகத் தேடினோம். மாட்டுக்கு இருந்திருக்கிறது.

அம்மான் அந்தக் கொப்பியைக் கையில் வாங்கி, வாசிக்கத் தெரியாமலே, கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். வாத்தியார் அன்றைக்கே இங்கிலீசில் ஒரு மனு எழுதினார். உத்தியோகத்தர் மறுபடியும் வந்து மாடுகளைக் கண்ணால் பார்க்கவேண்டும், கொப்பியையும் பார்க்கவேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறார். வாத்தியார் ஒரு சதமும் வாங்கவில்லை. ஒரு சுண்டு நெய் கொண்டுபோனேன், அதையும் கமலாவுக்கு வை என்று திருப்பிவிட்டார். இப்படிப்பட்ட மனிதர்கள் நடுவில்தான் நான் உங்களை ஒன்றுமில்லாதவர் என்று சொல்லியிருக்கிறேன்.

என்னை மன்னியுங்கள் என்று எழுதினால் நீங்கள் மன்னிப்பீர்கள், அது எனக்குத் தெரியும். அதனால் எழுதவில்லை. வந்து நேரில் இரண்டு ஏச்சு ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மாமியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
உங்கள் இரஞ்சிதம்

*

காட்டாவிநாயகர் துணை

முள்ளியவளை
24.6.1954

கமலாவின் அப்பாவுக்கு இரஞ்சிதம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் பத்து நாளைக்கு முன் கிடைத்தது. மாமிக்குப் பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் நின்றுபோனதை வாசித்துவிட்டு நானும் கமலாவும் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன். முதலில் இங்கே நடந்ததைக் கேளுங்கள், ஏனென்றால் அதைக் கேட்காமல் நீங்கள் ஒன்றையும் முடிவுசெய்யக்கூடாது.

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் அந்த உத்தியோகத்தர் வந்தார். அம்மான் அதற்கு முதல் நாளே ஆட்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக் கரைக்குப் போய், கலைந்து நின்ற மாடுகளை எல்லாம் சாய்த்துக்கொண்டுவந்து வேலி போட்ட மாட்டுக்காலைக்குள் அடைத்துவிட்டார். யார் யார் போனார்கள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்கள் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று நின்ற என் சின்ன மாமா வார்க்கயிற்றோடு முன்னுக்குப் போனார். கேட்டதற்கு, "மாடு சாய்க்கப் போறன், உனக்காகவோ போறன்?" என்று என்னில் பாய்ந்தார். பாயட்டும். அந்த வயதில் முள்ளுக்குள்ளால் ஓடி, காலைக் கிழித்துக்கொண்டு வந்தவருக்கு நான் என்ன சொல்ல இருக்கிறது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன்.

உத்தியோகத்தர் மாட்டுக்காலை வாசலில் நின்று கொப்பியை முதலில் பார்த்தார். ஒவ்வொரு வருஷமாகப் புரட்டிப் பார்த்து, தன் கடதாசியில் குறித்துக்கொண்டார். பிறகு மாடுகளின் தொடையில் உள்ள குறியைத் தானே போய்க் கிட்ட நின்று பார்த்தார். இந்த வருஷக் கன்றுகளுக்கு இன்னும் குறி சுடவில்லை. உரித்தாளின் கை படாமல் குறி சுடுகிற வழக்கம் இல்லையே, நீங்களோ இல்லை. அம்மான் இரும்பை என்னிடம் நீட்டினார். பெண்பிள்ளை இரும்பு பிடித்ததை இந்த ஊர் கண்டதில்லை. நான் பிடித்தேன். முதல் கன்று கத்தினபோது கண்ணை மூடிக்கொண்டேன், மற்றதுகளுக்குத் திறந்துகொண்டே வைத்தேன். உங்கள் எழுத்து என் கையால் கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது, அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது.

எல்லாம் முடிய அவர் என் பக்கம் திரும்பி, "சரி அம்மா, இப்ப சொல்லுங்கோ, எத்தினை?" என்றார். அவரே எண்ணி முடித்துவிட்டார், அது எனக்குத் தெரியும். ஆனால் என் வாயால் முதலில் இல்லை என்று பதிந்திருக்கிறதாம், அதை என் வாயாலேயே திருத்தவேண்டுமாம். மாட்டுக்காலையைச் சுற்றி ஊரே நின்றது. அம்மான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாகேஸ்வரி அக்கா காதைப் பொத்தினா. நான் அம்மாளாச்சியை மனதில் நினைத்துக்கொண்டு, நாற்பத்தொன்று என்றேன். சத்தம் காணாது, திருப்பிச் சொல்லுங்கோ என்றார். "நாப்பத்தொண்டு ஐயா, நாப்பத்தொண்டும் என்ரை மனுசன் காட்டிலை கிடந்து சேர்த்தது" என்று கத்தியே சொன்னேன்.

இதை முதலே சொல்லியிருக்கலாமே அம்மா என்றார் அவர். எனக்குப் பொறுக்கவில்லை. "உங்கட வீட்டிலை எத்தினை பவுண் நகை இருக்கெண்டு வழியிலை வாறவனுக்கு நீங்கள் சொல்லுவியளோ ஐயா?" என்று கேட்டுவிட்டேன். விதானையாருக்கு முகம் கறுத்துப் போனது. அந்த மனிதர் சிரித்தார், நல்லாகச் சிரித்தார். நல்ல மனிதர். அவர் நினைத்திருந்தால் நான் அன்றைக்குச் சொன்னதையே பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.

அவர் வந்து போன மூன்றாம் நாள் புலி ஒரு கன்றைக் கொண்டுபோய்விட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். இப்போது நாற்பது. பாருங்கள், மறுபடியும் எழுதிவிட்டேன்.

உத்தியோகத்தர் போகும்போது சொன்னது இதுதான். வருமானத்துக்கும் வசிப்புக்கும் இனி ஒரு தடையும் இருக்காது, தான் நன்றாகவே எழுதி அனுப்புவாராம். ஆனால் விண்ணப்பதாரர் ஆகஸ்ட் மாதம் மூன்றாம் திகதி வவுனியாவுக்கு நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும். வராவிட்டால் விண்ணப்பக் கோவையைக் கட்டி வைத்துவிடுவார்களாம். அதைப் பிறகு யாராலும் அவிழ்க்க முடியாதாம். ஊருக்குள் எல்லாருக்கும் இது தெரியும், எல்லாரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சின்ன மாமா கூட, "மூண்டாந் திகதி மட்டும் அவன் வராமல் இருக்கட்டும்" என்று பல்லைக் கடிக்கிறார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்குச் சோறு நான்தான் ஊட்டுகிறேன், வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கிறார் இல்லை, நான் எழுந்து வெளியே போனால் வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார், நான் என்ன செய்யட்டும் இரஞ்சிதம், நீ சொல்வதைச் செய்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு கிடைத்த மகன் அல்லவா, விடுவாரா.

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். முதல் எழுதினதில் வாருங்கள், வாருங்கள் என்று ஆறு இடத்தில் இருந்தது. ஊர் முழுக்க உங்களுக்காக நின்றிருக்கிறது, கமலாவுக்கு ஒரு நாடு வேண்டும், இவ்வளவு தூரம் வந்த பிறகு விடுவதா என்று எழுதி, உறையிலும் போட்டுவிட்டேன். ஒட்டப் போகும்போது என்னைப் பெற்ற ஐயாவின் நினைவு வந்தது. அவர் பதினொரு மாதம் பாயில் கிடந்தார். அவரைத் தூக்கிக் கொண்டுபோய் வெளிக்கிருத்தி, கழுவி, முகம் வழித்து, கஞ்சி பருக்கினவர் யார்? என் கூடப் பிறந்த இரண்டு பேரும் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். காட்டிலிருந்து வந்த களைப்போடு நீங்கள்தான் பார்த்தீர்கள். கடையிலும் அரசாங்கக் கந்தோரிலும் இந்தியாக்காரன் என்று சொல்லி உங்களைக் கடைசியில் நிற்க வைத்த காலம் அது. நீங்கள் ஒரு நாளும் எனக்கு அதைச் சொல்லிக் காட்டினதில்லை. நானும் அதற்காக ஒரு நாளும் உங்களுக்கு நன்றி சொன்னதில்லை. புருஷனுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

அப்படிப் பார்த்த மனிதருக்கு, பெற்ற தாயைப் பாயில் விட்டுவிட்டு வாருங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

ஒரு கிழமைக்கு மாமியை யாரிடமாவது ஒப்படைக்க முடியுமானால், மூன்றாம் திகதிக்கு வந்து கையெழுத்து வைத்துவிட்டு உடனே போங்கள். முடியாவிட்டால் வரவேண்டாம். நானே வவுனியாவுக்குப் போய் அந்த உத்தியோகத்தருக்கு நேரில் சொல்லிவிட்டு வருகிறேன், ஊருக்கும் சொல்கிறேன், ஏச்சையும் நானே கேட்டுக்கொள்கிறேன். மாடுகளை விற்கமாட்டேன். அம்மான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். கமலாவின் வகுப்புச் சோதனை முடிய நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம். அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரிடம் கேட்டுப் பார்த்தேன். அங்கே வந்தால் நான்தான் வெளிநாட்டுக்காரியாம், இருப்பதற்கு நான்தான் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கவேண்டுமாம், எப்போது முடிவு வரும் என்று யாருக்கும் தெரியாதாம். போடுகிறேன். நீங்கள் எனக்காக என் ஊரில் எத்தனை வருஷம் காத்திருந்தீர்கள்.

இதற்குக் கீழே உள்ளதை நீங்கள் மனதுக்குள் வாசிக்க வேண்டாம். மாமிக்குப் பக்கத்தில் இருந்து, அவருக்குக் கேட்கும்படி சத்தமாக வாசியுங்கள்.

மாமி, நான் இரஞ்சிதம். உங்களை நான் கண்டதில்லை, நீங்களும் என்னைக் கண்டதில்லை. உங்கள் மகனைப் பதினேழு வயதில் அனுப்பினீர்கள், நாங்கள் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டோம். அதற்காக எங்களில் கோபிக்க வேண்டாம். நல்ல பிள்ளையாக வளர்த்து அனுப்பியிருந்தீர்கள், விட மனம் வரவில்லை. இப்போது நானும் உங்கள் பேத்தியும் உங்கள் வீட்டுக்கு வர நினைக்கிறோம். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டால், இனி அங்கேயேதான். என்னிடம் காட்டுவதற்கு ஒரு கடதாசியும் இல்லை. சோறு ஊட்டுவேன், தலை வாருவேன், இரவில் பக்கத்தில் படுப்பேன். எங்களை இருக்க விடுவீர்களா மாமி? வாயால் சொல்ல வேண்டாம். கண்ணை ஒரு தரம் மூடித் திறவுங்கள், உங்கள் மகன் அதைப் பார்த்து எனக்கு எழுதுவார்.

உங்கள் பாதங்களைத் தொட்டு,
மருமகள்
இரஞ்சிதம்